எல்லா வீட்டுக்கும் தாய்மாமன்

தம்பி, நீ மாமா என்று கூப்பிடுகிற ஏஜெண்டு நேற்று நம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனான். உன் கல்யாணத்துக்குப் பட்டு வேட்டியும் சட்டைத் துணியும் வாங்கி, வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தான். நான் கோப்பி கலக்கிக் கொடுத்தேன். ஊதி ஊதிக் குடித்தான். "தங்கச்சி, மாமன் மாலையை நான்தான் போடணும். அவன் காது குத்தினது என் மடியில. அந்த உரிமையை வேற எவனுக்கும் விட்டுராதே" என்றான். அதற்குப் பிறகு அவன் சொன்னதுதான் என்னைக் காகிதம் எடுக்க வைத்தது. "வெள்ளைக்காரன் கப்பல்படை பேஸைக் காலி பண்ணிட்டுப் போறான்லா. மருமவனுக்கு வேலை போயிருமேன்னு நீ கவலைப்படாதே. கல்யாணம் முடிஞ்ச கையோட என் ஆபீசுக்கு வரச் சொல்லிட்டேன். ஆள் சேர்க்கிற வேலை. அவனும் சரின்னுட்டான்."

நீ சரி என்று சொல்லிவிட்டாயாம். பெற்றவளிடம் சொல்லவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் யார் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை, நீ என்ன செய்வாய்? இப்போது நான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போது நேரிலேயே சொல்லலாம். நேரில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கு அழுகை வந்துவிடும். அம்மா அழுகிறாள் என்று நீ என்னைச் சமாதானம் செய்யப் பார்ப்பாயே தவிர, நான் சொன்னது உன் காதில் ஏறாது. அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாவதுக்கு மேல் படிக்காதவள் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி. படித்து முடித்ததும் இதை ஒளித்து வைக்காதே. உன் குவாட்டர்சில் கூட இருக்கிற பையன்களும் படிக்கட்டும். பேஸ் மூடினால் அவர்களையும் தேடி எவனாவது ஒரு ஏஜெண்டு வருவான்.

உங்கப்பாவை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பல் துரு சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிற ஆட்களுக்கு அவர் மண்டோர். மண்டோர் என்றால் அவர்களுக்குத் தலைவர். கப்பலின் பக்கவாட்டில் கயிற்றில் பலகையைத் தொங்கவிட்டு அதில் உட்கார்ந்துதான் வேலை. மற்ற மண்டோர்கள் மேல்தட்டில் நின்று வெற்றிலை மென்றுகொண்டு அதட்டுவார்கள். உங்கப்பா எந்தப் பலகையிலும் தான் முதலில் இறங்கி உட்கார்ந்து ஆட்டிப் பார்த்த பிறகுதான் இன்னொருத்தனை இறங்க விடுவார். "பொண்டாட்டி புள்ள உள்ளவன்யா அவன்" என்பார். அவருக்கு மட்டும் பெண்டாட்டி பிள்ளை இல்லாத மாதிரி. அதனால் அந்த ஆட்கள் அவர் எங்கே கூப்பிட்டாலும் என்ன ஏது என்று கேட்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். உங்கப்பாவின் சொத்து அதுதான். திருடன் கண் வைத்ததும் அதன்மேல்தான்.

இந்த ஏஜெண்டு அப்போது வெளியூர் வேலைக்கு ஆள் பிடித்துக்கொண்டு துறைமுகத்தில் திரிந்தவன். போர்னியோ, அந்தத் தீவு, இந்தத் தீவு என்று சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பான். ஒருத்தனும் போக மாட்டான். ஏஜெண்டு பேச்சை யார் நம்புவார்கள்? மண்டோர் சொன்னால் நம்புவார்கள். இது அவனுக்குத் தெரிந்துவிட்டது. உங்கப்பாவோடு நேராகப் பேசிப் பார்த்தான், அவர் பிடி கொடுக்கவில்லை. பிறகு எப்படியோ விசாரித்து, மண்டோர் பெண்டாட்டிக்கு உடன்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது, தாய்மாமன் இல்லாமல் பிள்ளைக்கு ஏழு வயதாகியும் காது குத்தாமல் வைத்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டான். அன்றிலிருந்து துறைமுகத்தை விட்டுவிட்டு லைன் வீட்டுக்கு வர ஆரம்பித்தான்.

வந்தவன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எங்க ஊரும் உங்க ஊரும் ஆத்துக்கு அந்தக் கரை இந்தக் கரை தங்கச்சி" என்றான். தேக்கா பாசாரில் மீன் வாங்கினால் நமக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவருவான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவனே கஞ்சி வைத்தான். கூடப்பிறந்தவன் இல்லாதவளுக்கு ஒருத்தன் வந்து அண்ணன் என்றால் எப்படி இருக்கும் என்று ஆண்பிள்ளை உனக்குத் தெரியாது. லைன் வீட்டுப் பெண்கள் சண்டை வந்தால் "உனக்குக் கேக்க ஆளிருக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்குப் பிறகு என்னிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

உனக்குக் காது குத்தியது அவன் மடியில்தான், அது பொய்யில்லை. சீர்த்தட்டோடு மேளம் வைத்து வந்தான். மொட்டை போட்டு, சந்தனம் பூசி, உன்னை மடியில் வைத்துக்கொண்டான். பத்தர் ஊசியை எடுத்ததும் நீ போட்ட கூச்சலில் பக்கத்து லைன் மலாய்க்காரப் பெண்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். அவன் புது வேட்டியிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். "மருமவன் அபிஷேகம்லா இது, இருக்கட்டும்" என்றான். அன்று நான் சந்தோஷத்தில் அழுதேன். அவனை நம்பியது என் குற்றம் என்று இத்தனை வருஷத்தில் சிலர் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். நான் ஒப்புக்கொண்டதில்லை, உன்னிடமும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம்பினவள் குற்றவாளி இல்லை. நம்ப வைத்தவன்தான் குற்றவாளி. நீயும் இதை மாற்றி யோசித்துக்கொண்டு உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே. திட்டுவதற்கு ஒருத்தன் உயிரோடு இருக்கும்போது நம்மை நாம் ஏன் திட்டிக்கொள்ள வேண்டும்?

நீ பத்து வயதைத் தாண்டியிருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே பேச்சை எடுத்தான். "மச்சான், போர்னியோ பக்கம் எண்ணெய்க் கம்பெனிக்காரன் புதுசா பெரிய பெரிய தொட்டி கட்டியிருக்கான். வெளிப்பக்கம் பெயிண்ட் அடிக்கணும். அலைமேல தொங்கிக்கிட்டு அடிக்கிற வேலையைத் தரையில நின்னு அடிக்கப் போறீங்க. குத்தகை உங்க பேர்ல. நீங்க இனிமே மண்டோர் இல்ல, கான்ட்ராக்டர்." உங்கப்பா யோசித்தார். "நல்லதுதான் மச்சான். நான் மட்டும் முதல்ல போய்ப் பார்த்துட்டு வர்றேன். சரியா இருந்தா ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். பலகையை ஆட்டிப் பார்க்கிற புத்தி எங்கே போகும்?

அப்போது இவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஈரக் கையைத் துடைக்காமல் அப்படியே நின்றான். "என் தங்கச்சி புருஷனை நான் கெட்ட வேலைக்கா அனுப்புவேன்? சரி மச்சான், போய்ச் சோதிச்சுப் பாருங்க. பொண்டாட்டியோட பொறந்த வீட்டு வார்த்தைக்கு இவ்வளவுதான் மரியாதைன்னு நான் நெனச்சுக்கிறேன்." உங்கப்பா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் ஒன்றும் பேசவில்லை. ஆனால் எனக்கு இருந்தது அந்த ஒரு பிறந்த வீடுதான், அதைச் சந்தேகப்பட்டால் நான் ஒடிந்துபோவேன் என்று அவருக்குத் தெரியும். "நீங்க சொன்னா சரி மச்சான்" என்றார். வேறு எந்த ஏஜெண்டாக இருந்தாலும் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார். மச்சானிடம் கேட்க முடியாது. மச்சானைக் கேள்வி கேட்பது எனக்குச் செய்கிற அவமரியாதை என்று நினைப்பார், அவர் வளர்ந்த விதம் அப்படி.

ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். மறுபடி வரவில்லை. செய்தியைக் கொண்டுவந்தவனும் இவன்தான். வாசலிலேயே விழுந்து, "தங்கச்சி, மச்சான் நம்மளை விட்டுட்டுப் போயிட்டாரும்மா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நானே அவனைத் தேற்றினேன் என்றால் பார்த்துக்கொள். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள், முகத்தைக்கூட நாம் பார்க்கவில்லை. கருமாதி அன்று பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டுமே, யார் போடுவது? அவன்தான் போட்டான். வெள்ளைச் சேலையைக் கொண்டுவந்து என் தோளில் போர்த்தி, அண்ணன் செய்ய வேண்டியதை எல்லாம் குறையில்லாமல் செய்தான். உன்னை அணைத்துக்கொண்டு "இனிமே இவன் என் பொறுப்பு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். நீ அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாய்.

சில மாதம் கழித்துச் சின்னையா திரும்பி வந்தார். சிராங்கூன் ரோட்டில் கடலை வறுத்து விற்கிறாரே, இருமிக்கொண்டே பொட்டலம் மடிப்பாரே, அவர்தான். உங்கப்பா கூட்டிப்போன ஆட்களில் ஒருத்தர். வாசலில் நின்றவர் உள்ளே வரவில்லை. "மண்டோரம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லலேன்னா எனக்குச் சோறு இறங்காது" என்றார். சொன்னார். அங்கே புதுத் தொட்டியும் இல்லை, பெயிண்டும் இல்லை. பழைய எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி, அடியில் தங்கின கசண்டை வாரி வெளியே கொட்டுகிற வேலை. மூச்சு விட முடியாத நாற்றம், தலை சுற்றும். இவர்கள் மாட்டோம் என்றதும் அங்கிருந்த மேஸ்திரி சிரித்தானாம். "உங்களுக்கு முன்னாடி வந்த கூட்டமும் இப்படித்தான் பயந்து ஓடிப்போச்சு. அது உங்க ஏஜெண்டுக்குத் தெரியுமே. தெரிஞ்சுதானே இந்த வேலைக்குன்னு உங்களை எழுதிக் கொடுத்தான்" என்றானாம். குத்தகை முடியாமல் திரும்பக் கப்பல் கிடையாது என்றும் சொன்னானாம்.

ஆட்கள் எல்லாம் உங்கப்பாவைத் திட்டியிருக்கிறார்கள். "உன் மச்சான்தானே மண்டோரே, நல்லாத்தான் அனுப்பியிருக்கான்" என்று ஒருத்தன் காறித் துப்பியிருக்கிறான். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நான் இறங்கிப் பார்க்கிறேன். நான் மேல வந்து சொல்ற வரைக்கும் எவனும் வரக்கூடாது" என்று ஏணியில் இறங்கியிருக்கிறார். மேலே வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், சத்தம் இல்லை. சின்னையா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்தது உடம்புதான். அன்று உள்ளே இழுத்த மூச்சுதான் இன்றைக்கும் சின்னையாவை இருமவைக்கிறது.

நான் மறுநாளே அவன் ஆபீசுக்குப் போனேன். "அண்ணே, தொட்டிக்குள்ள இறங்கிற வேலைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்று அவன் பொய் சொல்லியிருந்தால்கூட, தம்பி, நான் பாதி நம்பியிருப்பேன். அவன் உச்சுக் கொட்டினான். "விதி தங்கச்சி. ஆனா ஒண்ணு சொல்றேன், மச்சானும் யோசிச்சிருக்கணும். மண்டோர்னா வெளிய நிக்கணும், ஆளைத்தானே இறக்கணும்? இவரை யாரு முதல்ல இறங்கச் சொன்னது?" என்றான். சாகடித்ததும் அல்லாமல் செத்தவர் மேலேயே பழியைப் போட்டான். அந்த வார்த்தைக்குப் பிறகு நான் அழவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், இவனை நான் சும்மா விடப்போவதில்லை என்று. ஒண்டிப் பொம்பளை, கையில் பிள்ளை, எப்படி என்றுதான் தெரியவில்லை. உனக்குப் பள்ளிக்கூடத்தில் இடம், பிறகு பேஸில் வேலை என்று அவன் சொல்லி வாங்கிக் கொடுத்ததை எல்லாம் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் புருஷனை எடுத்துக்கொண்டவன் என் பிள்ளைக்குச் செய்யட்டுமே என்று வாங்கிக்கொண்டேன். பயத்தில் வாய் மூடிக்கொண்டிருந்தேன் என்று நினைக்காதே. நீ ஆளாகிற வரைக்கும் காத்திருந்தேன்.

வழி தானாகத் திறந்தது. தஞ்சோங் பகாரை விட்டு சிராங்கூன் பக்கம் குடிவந்து மாவு மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன் அல்லவா? மில்லில் ஒரு விஷயம் உண்டு. ஒரு பெண் வழக்கத்தைவிட நிறைய மிளகாய் கொண்டுவந்தால் வீட்டில் விசேஷம். மிளகாயோடு பருப்புப் பொடிக்கும் கருவாட்டுப் பொடிக்கும் சாமான் கொண்டுவந்தால் புருஷன் தூரத்து வேலைக்குப் போகிறான். கெடாமல் இருக்கிற பொடியைத்தானே கட்டிக் கொடுக்க முடியும்? ஒரு நாள் அப்படி ஒருத்தி வந்தாள். "எங்கேம்மா போறாரு உன் வீட்டுக்காரர்?" என்று கேட்டேன். "போர்னியோவுக்கு அக்கா. பெயிண்ட் வேலையாம். எங்க அண்ணன்தான் ஏற்பாடு பண்ணினாரு. கூடப்பிறக்காட்டியும் கூடப்பிறந்தவர் மாதிரி. எம்புள்ளைக்கு அவர் மடியிலதான் காது குத்தினோம்" என்றாள். அவள் புருஷனும் ஒரு மண்டோர். மில் ஓடுகிற சத்தத்தில் நான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று பட்டையைக் கழற்றி நிறுத்திவிட்டு மறுபடி கேட்டேன். அதே ஆள். அதே ஏஜெண்டு.

என்னோடு வேலை பார்க்கிற பாக்கியத்துக்கு வாய் சும்மா இருக்காது. "நில்லு நில்லு, அந்த ஆளா? குதிரைப் பந்தயத் திடல் பக்கம் புல்லு வெட்டுற கூட்டத்து மண்டோர் வீட்டுலயும் அவன்தான்டி தாய்மாமன்! எத்தனை புள்ளைடா சாமி, மடியே தேஞ்சு போயிருக்குமே!" என்றாள். மிளகாய் நெடியோடு எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விசாரிக்க விசாரிக்க வந்துகொண்டே இருந்தது. எந்த மண்டோர் பேச்சை ஆட்கள் கேட்பார்களோ, எந்த மண்டோர் பெண்டாட்டிக்கு அண்ணன் தம்பி இல்லையோ, அந்த வீட்டுக்கெல்லாம் இவன் மீன் பொட்டலத்தோடு போயிருக்கிறான். எல்லோருக்கும் இவன் ஊர் ஆற்றுக்கு அந்தக் கரை. எல்லா வீட்டுக்கும் இவன் தாய்மாமன். உறவைக் காட்டி மண்டோரைப் பிடிப்பான், மண்டோரைக் காட்டி ஆட்களைப் பிடிப்பான், வேறு எவனும் இறங்காத வேலையில் இறக்குவான்.

அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொடியை அரைக்காமல் சாமானைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் அவள் புருஷன் மில்லுக்கு வந்து குதித்தான். "என் பொழப்புல மண்ணள்ளிப் போட நீ யாரு?" என்றான். "நான் தாலி அறுத்தவ. உன் பொண்டாட்டியும் என் பக்கத்துல உக்காந்து மிளகாய் அரைக்கணும்னா நல்லாப் போ, நானே அவளுக்கு இடம் வாங்கித் தர்றேன்" என்றேன். முறைத்துப் பார்த்தான். போர்னியோவுக்குப் போகவில்லை. அன்றிலிருந்து இதுதான் என் வேலை. பொடி அரைக்க வருகிறவளிடம் எந்த வேலை, எந்த ஏஜெண்டு என்று கேட்பேன். வேறு ஏஜெண்டு என்றால் நன்றாக விசாரித்துக்கொண்டு போகச் சொல் என்பேன். இவன் என்றால் சின்னையாவைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அவர் பேசவே வேண்டாம், இருமினாலே போதும். வாய்க்கு வாய் பேச்சு பரவி, சிராங்கூன் ரோட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இவன் பேச்சைக் கேட்டு ஒரு ஆள் போவதில்லை இப்போது. உறவு சொல்லிக்கொண்டு போனால் கதவைச் சாத்துகிறார்களாம்.

நேற்று அதைத்தான் என்னிடமே புலம்பினான். "யாரோ சொல்லி வெச்சிருக்காங்க தங்கச்சி. இந்தப் பக்கத்துல எனக்கு ஆளே கிடைக்க மாட்டேங்குது. பழைய மண்டோர் மகன் முன்னால நின்னு கூப்பிட்டா வருவாங்க. மச்சானோட முகம் அப்படியே அவனுக்கு. அவனைத்தான் நம்பியிருக்கேன்" என்றான். யாரோ என்று அவன் சொன்னபோது நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு இனிப்பு என் வாயில் ஊறினதில்லை. இன்னொரு கோப்பி போடட்டுமா அண்ணே என்று கேட்டுக் கொடுத்தேன். புரிகிறதா தம்பி? அவன் உனக்கு வேலை தரவில்லை. உங்கப்பாவின் முகத்தை இரண்டாவது தடவை வாங்கப் பார்க்கிறான். நீ போய் நின்று "வாங்கய்யா" என்றால், மண்டோர் மகன் கூப்பிடுகிறான் என்று பத்துப் பேர் வருவார்கள். அவர்களை எந்தத் தொட்டியில் இறக்குவானோ உனக்குத் தெரியாது. அவர்கள் பெண்டாட்டிகள் உன்னைத்தான் தேடி வருவார்கள், அவனை இல்லை.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். நீ அவனுக்குக் கொடுத்த அழைப்பைத் திரும்ப வாங்க வேண்டாம். வரட்டும். முன்வரிசையில் உட்காரட்டும். மாமன் மாலையைச் சின்னையா போடுவார். அவரிடம் கேட்டபோது மிரண்டுபோனார். "நான் உங்க ஆளுங்க இல்லையே மண்டோரம்மா, நான் எப்படி தாய்மாமன் ஆகிறது? சனங்க பேசாதா?" என்றார். "கயிறு கட்டிக்கிட்டு இறங்கினப்போ உள்ள கிடக்கிறது யாரு ஆளுன்னு பார்த்தா இறங்கினீங்க?" என்று கேட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புக்கிட் பாஞ்சாங் போய்ப் பெண் வீட்டிலும் இன்று காலையில் சொல்லிவிட்டு வந்தேன். உன் மாமனார் நடுங்கினார். "சம்பந்தியம்மா, பெரிய மனுஷனைச் சபையில வெச்சுப் பகைச்சுக்கணுமா? ஒரு ஓரமா ஒரு மாலையைப் போட்டுட்டுப் போகட்டுமே" என்றார். உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தாள். "அப்பா, அந்த ஆள் மாலை போட்டா கல்யாணத்தன்னைக்கு நான் அவர் கால்லயும் விழணும். நான் விழ மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். நல்ல பெண்ணாகப் பார்த்திருக்கிறேன் உனக்கு. அவளிடம் எதையும் மறைக்காதே. எந்த வேலைக்குப் போகிறாய், யார் கூப்பிட்டுப் போகிறாய் என்று அவளுக்குச் சொல்லிவிட்டுப் போ. அன்று நான் கேட்காமல் விட்டதை அவள் கேட்பாள்.

மில்லில் இருக்கிற அத்தனை பேரையும் அழைத்திருக்கிறேன். அவன் தங்கச்சி என்று கூப்பிட்டுக் கோடி போட்ட பெண்கள், பொடியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனவர்கள், எல்லோரும் அவனுக்குப் பின்வரிசையில் உட்காருவார்கள். ஐயர் தாய்மாமனைக் கூப்பிட்டதும் அவன் எழுந்திருப்பான். எழுந்திருக்கட்டும். அப்போது நான் மேடையில் நின்று, "உட்காரு. என் பிள்ளைக்கு மாமன் நீ இல்லை" என்று சொல்வேன். ஏன் என்றும் சொல்வேன், சுருக்கமாகத்தான் சொல்வேன், முகூர்த்தம் தப்பாது. தாலி அறுத்தவள் மணவறை ஏறலாமா என்று எவனாவது கேட்டால் பதில் சொல்லப் பாக்கியம் தயாராக இருக்கிறாள், அவள் பதில் எழுத்தில் எழுதக்கூடியது இல்லை. மங்கள காரியத்தில் இது வேண்டுமா அம்மா, மன்னித்துவிடக் கூடாதா என்று உனக்குத் தோன்றும். மன்னிப்பு கேட்டவனுக்குத்தான் மன்னிப்பு. அவன் இத்தனை வருஷத்தில் என்னிடம் கேட்டதெல்லாம் கோப்பிக்குச் சர்க்கரை மட்டும்தான்.

வேலை போய்விடுமே என்று பயப்படாதே. எனக்குக் கை இருக்கிறது, அவளுக்குத் தையல் தெரியும், உனக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது. கிடைக்கிற வேலையைச் செய். ஒரு நாள் நீயும் நாலு பேரை வேலைக்குக் கூட்டிப்போகிற நிலைக்கு வரலாம். வந்தால், கண்ணால் பார்க்காத வேலைக்கு ஒருத்தனைக் கூப்பிடாதே. உறவு சொல்லிக் கூப்பிடவே கூப்பிடாதே. கூலி சொல்லிக் கூப்பிடு, வேலை இன்னதென்று சொல்லிக் கூப்பிடு. வேலை கொடுக்கிறவன் உன்னை மச்சான் என்றோ மருமகன் என்றோ ஆரம்பித்தால் வந்த வழியே திரும்பிவிடு.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி முடிவு உன் கையில். அவன் மாலைதான் வேண்டும், அவன் ஆபீஸ்தான் வேண்டும் என்றால் நான் தடுக்க மாட்டேன், கல்யாணத்தில் வாயைத் திறக்கவும் மாட்டேன், சமையல்கட்டில் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகிறேன். ஆனால் அதற்குப் பிறகு என் பிணத்துக்கு நீ கொள்ளி வைக்கக் கூடாது. மில்லுக்காரிகள் தூக்கிப் போய் எரித்துக்கொள்வார்கள். இது மிரட்டல் இல்லை தம்பி, அவர்களிடம் சொல்லி வைத்துவிட்டேன். என் பக்கம்தான் என்றால் ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் தஞ்சோங் பகார் ஆபீசில் இருப்பான், அன்றுதான் ஆட்கள் வருகிற நாள். நேராக அங்கே போ. வந்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, உங்கப்பா எப்படிச் செத்தார் என்று சொல். அதற்குப் பிறகும் கல்யாணத்துக்கு வந்து மாலை போட எழுந்திருக்கிற துணிச்சல் அவனுக்கு இருந்தால், மிச்சத்தை மேடையில் நான் பார்த்துக்கொள்கிறேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வா, நானும் நீயும் சேர்ந்து சாப்பிடலாம்.